நாலு ஓட்டை

மதுசனின் பந்தயக் காருக்கு, எஞ்சின் ஒயிலைக் குளிர வைக்கும் ஒயில் கூலரை எங்கே பூட்டுவது என்று சொல்ல, அவன் அம்மா புஷ்பவதியே தெஹியோவிட்ட கராஜுக்கு வந்துவிட்டாள்.

"முன்னுக்கு, கிரில்லுல பூட்டுங்க தம்பி. எல்லாருக்கும் தெரியணும்."

மெக்கானிக் லோகநாதன் சிரித்தான். "முன்னுக்கு வச்சா ரேடியேட்டருக்குக் காத்து மறைக்கும் அக்கா. எஞ்சின் சூடாகிரும். அடியில, டயர் பக்கமாப் பூட்டச் சொல்லிட்டுத்தான் மதுசன் போனாரு."

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"அடியில ஏற்கெனவே நாலு ஓட்டை இருக்குங்க. கூலருக்கு அளவும் சரி. போல்ட்டப் போட்டு இறுக்கினா வேல முடிஞ்சுச்சு. ரேஸ்ல தோத்தா என்னையத்தான் ஏசுவாரு."

"தோக்கட்டும்."

ஊருக்குப் படம் காட்ட ஆசைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான் லோகநாதன்.

"அடியில இருந்தா யாரு கண்ணுக்கும் படாதுன்னு பாக்குறீங்களா அக்கா?"

"படும். செக்பொயின்ட்டுல ஆமிக்காரங்க கம்புல கண்ணாடியக் கட்டி அடியிலதான பாக்குறாங்க."

"பாத்தா என்னங்க? ஒயில் கூலர்னு சிங்களத்துல சொன்னா விட்டுருவாங்க."

புஷ்பவதி குனிந்து காருக்கு அடியில் கைவிட்டு, ஓட்டைகளில் ஒன்றைத் தேடித் தொட்டாள்.

"மதுசனோட அண்ணன் நல்ல சிங்களத்துலதான் சொன்னான். குண்டு இல்ல, ஒயில் கூலருன்னு. கழட்டிக் காட்டுறேன்னும் கெஞ்சினானாம். பிடிச்சிட்டுப் போனவங்க, ஒரு வருசம் கழிச்சு இந்தக் கார மட்டுந்தான் திருப்பிக் குடுத்தாங்க."

கையை அவள் எடுக்கவில்லை.

"இது அவன் போட்ட ஓட்டை, தம்பி."