நாற்பது ஜாம்பிகளும் ஒரு சாமைக்காடும்

"செத்தவன் வரப்பு பார்த்தா நடப்பான்?" என்று மைக்கில் கேட்டார் டைரக்டர் மணிவண்ணன்.

கொல்லிமலையில், எடப்புளி நாட்டுச் சரிவில் நாற்பது ஜாம்பிகள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். முகமெல்லாம் சாய ரத்தம். அத்தனை பேரும் உள்ளூர் விவசாயிகள்.

காட்சி இதுதான். கதாநாயகி சுமித்ரா, விளைந்த சாமைக்காட்டைச் சுற்றிப் போகும் தடத்தில் அலறிக்கொண்டு ஓடுவாள். ஜாம்பிகள் காட்டுக்குள் குறுக்கே விழுந்து ஓடி அவளை மடக்க வேண்டும். இவர்களோ காட்டோரம் வந்ததும் ஒருவர் பின் ஒருவராக வரப்பில் ஏறி, ரேஷன் கடைக்குப் போவதுபோலப் போனார்கள்.

மணிவண்ணனுக்கு ஆத்திரம் பொங்கியது. பொங்காதா பின்னே? அவருடைய ஜாம்பித் தொடரில் முதல் வாரமே ஊர் செத்துவிட்டது. மிச்சமிருந்தவர்கள் இருபது வாரமாக ஒரு பங்களாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். டாக்டராக வரும் சுமித்ரா ஏழு வாரமாக ஊசியைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள், குத்தியபாடில்லை. கதாநாயகன் ஒரு வாரம் கோழை, மறு வாரம் வீரன், ஏன் மாறினான் என்று எழுதியவருக்கே தெரியாது.

'கடிச்சாவது தொலைங்கப்பா, பேசிப் பேசிக் கொல்லாதீங்க' என்று ஜனங்கள் எழுதினார்கள். அடுத்த வாரமாவது கதை ஓடாவிட்டால் தொடரை நிறுத்திவிடுவோம் என்று சேனல்காரர்களும் சொல்லிவிட்டார்கள்.

ஜாம்பிகளில் மூத்தவரான மருதாசலம், கழன்று தொங்கிய ரப்பர் கண்ணைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்தார். காடு கண்ணாயியுடையது, அவள் கால் ஒடிந்து கட்டுப் போட்டுக் கிடக்கிறாள், அதனால்தான் அறுப்பு தள்ளிப் போய்விட்டது, வருஷம் முழுக்க அவளுக்குச் சோறும் அடுத்த விதைப்புக்கு விதையும் அதுதான் என்று பொறுமையாக விவரம் சொன்னார்.

"வெளைஞ்ச காட்டுல கால் வெக்க மாட்டோமுங்க சார்."

"நஷ்டத்தைக் கொடுத்துடறோம்யா. நீங்க எல்லாம் செத்தவங்க, அது ஞாபகம் இருக்கட்டும். செத்தவனுக்குச் சாமை தெரியுமா, சோளம் தெரியுமா?"

மருதாசலம் வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். அப்புறம், "செரிங்க, ஓடறோம்" என்று மேட்டைப் பார்த்து நடந்தார்.

இந்த ஜனங்களுக்கு முதல் நாளே மணிவண்ணன் ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருந்தார். ஜாம்பிக்கு மனசு செத்துவிடும், ஆனால் உயிரோடு இருந்தபோது செய்த வேலையைக் கை கால் மறக்காது, அதுதான் உங்கள் கேரக்டர் என்று விளக்கியிருந்தார். நாற்பது பேரும் தலையாட்டினார்கள். ஒன்றும் ஏறியிருக்காது என்று உதவியாளர்களிடம் சொல்லிச் சிரித்தார்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. முதல் டேக்கில் ஒருவருக்கு வேட்டி அவிழ்ந்தது. அடுத்ததில் ஒருவர் காமிராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். அதற்கடுத்ததில் சுமித்ரா தடுக்கி விழுந்தாள். கடிக்க வேண்டிய ஜாம்பி அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கி, "அடி பட்டுதா கண்ணு?" என்று விசாரித்தது.

காட்டோரம் வருவதற்குள் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கோளாறு. மறுபடி மேடேறு, மறுபடி இறங்கு. பதினோரு டேக் ஆயிற்று.

"சரியான மந்தம்" என்றார் மணிவண்ணன், நாற்பது பேர் காதிலும் விழும்படி. "மேக்கப்பே தேவையில்லை, இதுங்க பொறக்கும்போதே ஜாம்பிங்கதான்."

மருதாசலம் மறுபடி வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

ரெண்டு மணிக்கு மூடுபனி, அந்த ஊர்ப் பேச்சில் மஞ்சு, இறங்கியது. கொல்லிமலையில் மஞ்சு இறங்கினால் நீட்டிய கை தெரியாது. காமிராவைத் துணி போட்டு மூடச் சொல்லிவிட்டு மணிவண்ணன் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சும்மா இருக்கவில்லை மனுஷன். அடுத்த வாரத்துக்கு வசனம் எழுதினார். கதாநாயகன் ஜாம்பிகளைப் பார்த்துக் கேட்கிறான்: 'உங்களுக்குள் ஒரு துளி மனிதம்கூட மிச்சமில்லையா?' அந்தக் கேள்வியே மூன்று பக்கம் ஓடியது. எழுதி முடித்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

நாலரை மணிக்கு மஞ்சு விலகியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

சாமைக்காடு இல்லை.

அறுத்த தாள்தான் நின்றது. கட்டுக் கட்டாகக் கதிர் கண்ணாயி வீட்டு வாசலில் ஏறியிருந்தது. கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்தபடி அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பது ஜாம்பிகளும் ரத்த முகத்தோடு, கையில் அரிவாளோடு வெறுங்காட்டில் நின்றார்கள். டாக்டர் கோட்டு அழுக்காக, சுமித்ரா கடைசிக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். ஊசியை எங்கே போட்டாளோ.

மணிவண்ணன் வெறுங்காட்டுக்குள் இறங்கி மருதாசலத்திடம் வந்தார்.

"காலையில நாலு அடி ஓடத் தெரியாம விழுந்தீங்க. இந்த வேகம் இப்ப எங்கிருந்துய்யா வந்துச்சு?"

"மஞ்சு ரெண்டு மணிக்குத்தானுங்க எறங்கும்" என்றார் மருதாசலம். "அது வரைக்கும் பொழுதை ஓட்டணுமில்லீங்க."

"ஈரத்தோட அறுத்திருக்கீங்க, வீணாப் போகாதா?"

"நனைஞ்சதைக் காய வெச்சுக்கலாங்க. மிதிச்சதை என்ன பண்றதுங்க?"

மருதாசலம் ரப்பர் கண்ணைத் துடைத்து மறுபடி முகத்தில் ஒட்டிக்கொண்டார்.

"இனி எங்க வேணும்னாலும் ஓடறோமுங்க. நீங்க சொன்ன கேரக்டரும் செரியாத்தான் இருக்குது, கை எதையும் மறக்கலீங்க. மனசு செத்துப்போற எடம் மட்டும் எங்களுக்கு வரமாட்டேங்குது. அதை நீங்கதான் நடிச்சுக் காட்டோணும் சார்."