முடிச்சதும் அழுறேன்

இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றின் பள்ளியில் பத்து நாள் சேவையாகக் கணக்குச் சொல்லித்தர, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பிரசன்னாவுக்கு அன்று வழியனுப்பு விழா. பள்ளிச் சுவரில் அவர் ஆப்பிள் மரம் வரைந்ததிலேயே ஒன்பது நாள் போயிருந்தது. வெளியே வேன்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். ஏற்கெனவே நான்கு சேவையாளர்களை அழுது அனுப்பிப் பழகிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், வரிசையில் நின்று நன்றாகவே அழுதார்கள். படம் பிடித்துக்கொண்டே வந்த பிரசன்னா, தர்சிகாவிடம் வந்ததும் செல்போனை இறக்கினார். கணக்குப் புத்தகத்துக்குள் விரலை வைத்தபடி அவள் சும்மா நின்றிருந்தாள்.

“நீ மட்டும் ஏம்மா அழல?”

“ஞாயித்துக்கெழம புலமைப்பரிசில் பரீட்ச சேர். நாளைக்குப் பின்னம் சொல்லித் தர்றேன்னு தெனமும் சொன்னீங்க.”

பள்ளி அதிபர் பல்லைக் கடித்தார். “சேருக்கு பிளேனுக்கு நேரமாச்சு. சட்டுனு அழுதுட்டு ஒக்காரு புள்ள.”

“பின்னத்த முடிக்கட்டும் சேர். முடிச்சதும் அழுறேன்.”

மூன்றாவது ஹாரன் கேட்டது. தர்சிகா கரும்பலகைக்குப் போய், அதில் பூப்போட்டு எழுதியிருந்த ‘நன்றி’யை உள்ளங்கையால் அழிக்கத் தொடங்கினாள்.