வழுக்காத நட்டு

“மாமா, கண்ணை மூடிக்கிட்டு சரின்னு சொல்லு. இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்.”

மச்சினன் பெட்டியை நீட்டினான். போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாம் புத்தம் புதுசு. வெள்ளி மாதிரி மின்னின.

ஃபிட்டர் கண்ணை மூடவில்லை. அறுபத்தாறு வயதில் அவர் கண்ணை மூடி நம்பிய ஒரே ஆள் இந்த மச்சினன்தான். அதன் பலனை அனுபவித்தும் ஆகிவிட்டது.

“போல்ட்டுத் தலையில எட்டு புள்ளி எட்டுன்னு பலத்துக்கு நம்பர் போட்டிருக்கு. நட்டுலயும் எட்டு இருக்கணுமில்ல? மொட்டையா இருக்கே.”

“ஒரே பெட்டியிலதான மாமா இருந்துச்சு?”

“ஒரே பஸ்ஸுல வந்தா புருசன் பொண்டாட்டியாடா?”

அரத்தை எடுத்து வாஷரில் ஒரு இழுப்பு இழுத்தார். வெண்ணெயை வழித்த மாதிரி இறங்கியது. இரண்டு இரும்புத் தகடுகளைச் சேர்த்து வைஸில் பிடித்து, போல்ட்டைச் செருகி, நட்டை ஏற்றினார். ஸ்பேனர் பிடியில் நீளக் குழாயை மாட்டி, உடம்பு பாரத்தையெல்லாம் கொடுத்து முடுக்கினார். வாஷர் சாப்பாட்டுத் தட்டு மாதிரி குழிந்தது. இன்னும் கால் சுற்று. நட்டின் மரை வழுக்கி, சும்மா சுற்ற ஆரம்பித்தது.

“பாத்தியா? போல்ட்டே அறுந்தாலும் நட்டு பிடியை விடக் கூடாது. இது ஒரு உதைக்குத் தாங்காது.”

“மாமா, பேத்தி நடக்க ஆரம்பிச்சிட்டாளாம். நீ இன்னும் அவ முகத்தைக்கூடப் பாக்கல.”

ஃபிட்டரின் கை நின்றது. மனைவி எழுதிய கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. தொட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை.

“போன தடவை உன் பேச்சைக் கேட்டுத் தண்ணித் தொட்டிக்கு இதே மொட்டை நட்டைப் போட்டேன். தொட்டி எங்க வந்து இறங்குச்சு?”

“ஜட்ஜ் ஐயா கார் மேல.” மச்சினன் தரையைப் பார்த்தான். “உள்ளதான் ஆள் இல்லையே, மாமா.”

“அது உன் சாமர்த்தியமாக்கும்!”

மேசைக்கு அடியிலிருந்து வேறொரு பெட்டியை இழுத்தார். அவரே பொறுக்கியவை. அதிலிருந்த வாஷரில் இழுத்தபோது, அரம் கண்ணாடியில் போவது போல வழுக்கிக்கொண்டு போனது.

“இதைத்தான் மாட்டறோம்.”

“உன் கால்ல விழறேன், மாமா!”

“விழு. அங்கதான் ஸ்பேனர் கிடக்கு, எந்திரிக்கும்போது எடுத்துக் குடு.”

நாலு மணிக்கு அதிகாரி வந்தார். முற்றத்துக் கோடியில் புதிய கம்பிக் கதவு நின்றது.

“தாங்குமா, பெரியவரே?”

“என் வார்த்தையை நம்பாதீங்க. கண்ணால பாருங்க. டேய் மச்சான், உதைடா!”

மச்சினன் உதைத்தான். ஓடிவந்து உதைத்தான். பங்காளி வீட்டுக் கதவை உதைப்பது போல உதைத்தான். கீலுக்கடியில் கடப்பாரையைக் கொடுத்துத் தொங்கினான். கதவு முனகக்கூட இல்லை. கடைசியில் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

“வேலைன்னா இப்படி உயிரைக் குடுக்கணும்!” அதிகாரி நெகிழ்ந்துபோய் அவன் முதுகைத் தட்டினார்.

ஆறு மணிக்கு மணி அடித்தது. அதிகாரி வெளியே போய்க் கதவைச் சாத்தி, பூட்டி, சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டார். ஒரே உதையில் பெயர்ந்து வழிவிட்டிருக்க வேண்டிய அந்தக் கதவுக்கு உள்ளே, ஜட்ஜ் ஐயா கொடுத்த ஆறு வருடத்தில் இன்னும் நாலு வருடம் பாக்கி வைத்திருந்த இரண்டு கைதிகளும் நின்றார்கள். மூத்த கைதி கம்பி வழியாக மூக்கை நீட்டிக் கத்தினார்:

“ஐயா, புது போல்ட்டு ஒரு நாள்ல கொஞ்சம் தளரும்! நட்டெல்லாம் உங்க பக்கம் இருக்கு, எங்க கைக்கு எட்டாது. நாளைக்கு மறக்காம நீங்கதான் ஒரு முடுக்கு முடுக்கணும்!”