அப்புறம் படிக்க

கல்லூரியில் இப்போதெல்லாம் யாரும் படிப்பதில்லை. வகுப்பின் இணைய அலமாரியில் யாராவது போடும் பாட லிங்க்கைச் சேமித்தாலே படித்ததாகக் கணக்கு, மதிப்பெண்ணும் உண்டு. பெனிட்டா அன்று பாடம் எதையும் போடவில்லை. "அம்மாவுக்கு அவசரமா ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும், யாராவது வாங்க" என்று எழுதி, ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தின் லிங்க்கைப் போட்டாள். அரை மணி நேரத்தில் மொத்த வகுப்பும் அதைச் சேமித்துவிட்டது. "முக்கியம்", "உயிரியல்", "அப்புறம் படிக்க" என்று ஆளுக்கொரு குறிச்சொல் வேறு. ஐ.சி.யூ. வாசலில் லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் பெனிட்டா எழுந்து எழுந்து நின்றாள்.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு அவள் வகுப்புக்குத் திரும்பிய அன்று, பேராசிரியர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். "இந்த மாசம் அதிகம் பேர் சேமிச்சது பெனிட்டாவோடதுதான்."

பக்கத்தில் இருந்த வினோதா தோளில் இடித்தாள்.

"கலக்கிட்டடீ! ஆமா, அதுல என்னதான் இருந்துச்சு?"