பனியில் விழுந்த வளையம்

தேயிலைக் கொழுந்து ஏற்ற வந்த லோரியை மேட்டில் நிறுத்திவிட்டு இறங்கிய நத்தர், பள்ளத்தை நிறைத்துக் கிடக்கும் மூடுபனியில் தன் நிழலைப் பார்த்து அப்படியே நின்றுவிடுகிறார். முதுகில் காலை வெயில் விழுகிறது. எதிரே, வெள்ளைப் பனியின்மேல் நிழலின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம். அவர் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. வியாழன்தோறும் இறைவன் பெயரை ஓதும் திக்ரு மஜ்லிஸில் உட்கார்ந்து, அவனைத் தவிர வேறில்லை என்று உருகியதற்கு இன்று தன் தலைக்கு மட்டும் பதில் வந்துவிட்டதென்று அவர் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. "நீலா, இங்க வாம்மா. என் தலையப் பாரு," என்கிறார். கொழுந்து வெட்டும் மெஷினைக் கீழே வைத்துவிட்டு நீலாவதி ஓடிவந்து பக்கத்தில் நிற்கிறாள். "உங்க தலையில ஒண்ணும் இல்ல பாய். என் தலையிலதான் இருக்கு," என்கிறாள், தன் நிழலுக்குக் கையை ஆட்டிக்கொண்டே. நத்தருக்கு முகம் விழுந்துவிடுகிறது. இடம் மாறி நின்று பார்க்கிறார்கள். அப்போதும் அவருக்கு அவர் தலையில்தான், அவளுக்கு அவள் தலையில்தான். "அப்ப சாமி நம்ம ரெண்டு பேர்ல யாரைத்தான் பாய் பாக்குது?" அந்தக் கேள்வியில் நத்தருக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, சிரிப்பு பொங்கிக்கொண்டு வருகிறது. "நமக்குப் பின்னால இருக்கிறது ஒண்ணுதானம்மா. திரும்பிப் பாரு லா." இருவரும் ஒன்றாகத் திரும்புகிறார்கள். மலைமுகட்டுக்கு மேல் நிற்கும் சூரியன் முகத்தில் அறைகிறது. இருவர் கண்களும் தாமாக மூடிக்கொள்கின்றன. "ஒண்ணும் தெரியலயே பாய்," என்கிறாள் நீலாவதி. மூடிய இமைக்குள் எல்லாம் சிவந்து ஒளிர, கண்ணைத் திறக்காமலே நத்தர் சொல்கிறார்: "எனக்கும்தான்."