மிட்டாயின் மறதி

“கையை எடு கண்ணு, பவுடர் கலையும்.”

மேக்கப்காரர் தூரத்திலிருந்தே சத்தம் போட்டார். காமிரா முன்னால் வேஷத்தோடு நின்ற பாப்பா காதைத் தேய்ப்பதை நிறுத்தியது. டைரக்டர் “ஸ்டார்ட்” சொல்ல வாயெடுத்தார்.

“பாப்பா ரிப்பன் தப்பு சார்” என்றாள் மிட்டாய். “போன சீன்ல சிவப்பு. இப்ப நீலம் கட்டியிருக்கு.”

காமிரா நின்றது. சிவப்பு ரிப்பன் உடுப்பு வண்டியில். வண்டி வேறு இடத்தில். வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது.

வந்தபின் போட்டோவை எடுத்துப் பார்த்தால், போன சீனிலும் நீலம்தான்.

“ஸாரி சார். நோட்டுல பக்கம் மாத்திப் பார்த்துட்டேன்.”

இந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

மிட்டாய் என்பது அவள் நிஜப் பேர் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன் ஒரு டீவி தொடரில் அவள் போட்ட வேஷத்தின் பேர். அப்போது ஆறு வயசு. பெரிய நடிகர்கள் வசனத்தில் தடுக்கினால், இடுப்புயரம்கூட இல்லாத இது எடுத்துக் கொடுக்கும். ஊரே கொண்டாடியது. பதிமூன்றில் உயரம் கூடிப்போச்சு, வேஷம் போச்சு. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது கையில் நோட்டு. சீனுக்குச் சீன் உடையும் சாமானும் மாறாமல் பார்த்துக்கொள்கிற வேலை. அவள் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. போன வாரம் வரை.

“அம்மா தாயே” என்று கும்பிட்டார் மானேஜர். “இன்னொரு தடவை ஷூட்டிங் நின்னுச்சுன்னா, அப்படியே வீட்டுக்குப் போயிடு. உன் பழைய பேருக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்தேன்.”

“சரி சார்.”

அந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. எல்லாருக்கும் தெரியும்.

“மண்டை காலி” என்றான் லைட்காரன். “ராத்திரியில ஊத்திக்குதோ என்னவோ.”

“வாயைக் கழுவுடா” என்றார் மேக்கப்காரர்.

சொல்லிவிட்டாரே தவிர அவருக்கும் குடைந்தது. அறுபத்தெட்டு வயசு. அன்றைக்கு மிட்டாய்க்குப் பவுடர் போட்டதும் அவர்தான், இன்றைக்குப் பாப்பாவுக்குப் போடுவதும் அவர்தான். அந்த மண்டையா மறக்கும்?

டீ நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“ஏய், உனக்கு நான் மொத மொதல்ல பவுடர் போட்ட அன்னைக்கு என்ன சட்டை போட்டிருந்தேன்?”

“மஞ்சள் கட்டம் போட்டது. ரெண்டாவது பித்தான் இல்ல. ஊசி குத்தியிருந்தீங்க.”

யோசிக்கக்கூட இல்லை.

“அப்புறம் இந்த ரிப்பன் மட்டும் எப்படிடி மறந்துச்சு?”

சிரித்தாள். டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்:

“மாமா, சின்ன வயசுல நான் காதைத் தேய்ச்சா என்ன சொல்வீங்க?”

“கையை எடு, பவுடர் கலையும்னு சொல்வேன்.”

“ஆமா. தினமும் சொல்வீங்க.”

எழுந்து போய்விட்டாள்.

மேக்கப்காரர் கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை சுவர்க் கடிகாரம் தப்பு என்றாள். புதன்கிழமை காப்பிக் கோப்பை. இன்றைக்கு ரிப்பன். மூன்று தடவையும் அதற்குச் சற்று முன்னால் தான் என்ன சத்தம் போட்டோம் என்று நினைத்துப் பார்த்தார். சோபா பக்கம் திரும்பினார். அந்த முக்கால் மணி நேரத்தில் கண் அசந்த பாப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு வந்த பிள்ளை.

தூக்கம் வந்தால் பிள்ளைகள் காதைத் தேய்க்கும். நாலு பேரப்பிள்ளை எடுத்த மனுஷனுக்கு இது தெரியாதா? தெரியும். பவுடர்தான் கண்ணை மறைத்திருந்தது.

மறுநாள் மூன்று மணி. பதினோராவது டேக்.

“எம் பொண்ணு அசரவே மாட்டா சார். எத்தனை வேணாலும் எடுங்க” என்றாள் பாப்பாவின் அம்மா.

பாப்பாவின் கை காதுக்குப் போனது.

மிட்டாய் நோட்டைத் திறந்தாள். மானேஜர் அவளையே முறைத்துக்கொண்டு நின்றார். அவள் உதடு பிரிந்தது.

“தம்பி, ஒரு நிமிஷம்” என்று குறுக்கே புகுந்தார் மேக்கப்காரர். நேரே பாப்பாவிடம் போனார். கையை எடு என்று சொல்லவில்லை. ஒற்றி எடுப்பதுபோல் குனிந்து, கட்டை விரலால் கன்னத்தில் ஒரே இழுப்பு. நெற்றியில் இன்னொன்று.

“அடடா, மொத்தமும் கலைஞ்சுபோச்சு. முழுசாக் கழுவிட்டுத்தான் போடணும். ஒரு மணி நேரம் ஆகும்.”

“என்னய்யா இது!” என்று குதித்தார் டைரக்டர். “ஒரு நாளும் இப்படிச் செஞ்சது இல்லையே நீங்க?”

“வயசாச்சுல்ல? கை நடுங்குது.”

“போச்சு, இவரும் போச்சு” என்று தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார் மானேஜர்.

மேக்கப் அறைக்குள் போவதற்குள் பாப்பா அவர் தோளில் தூங்கிவிட்டது. மிட்டாய் முன்னால் ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

“உங்க கை ஒரு நாளும் நடுங்கினது இல்ல மாமா” என்றாள். “எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”