நிழலுக்கு ஒரு குழு

"கதவு சாத்தியிருந்துச்சு, ஜன்னல் சாத்தியிருந்துச்சு. உள்ள பேசினது டிவிக்கு எப்படிம்மா போச்சு?"

நகராட்சித் தலைவர் மேசையில் தட்டிய தட்டில் பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது. எதிரே நின்ற மினிட்ஸ் அக்கா அதை நிமிர்த்தி வைத்தாள். கூட்டத்தில் யார் என்ன உளறினாலும் வரி விடாமல் எழுதி, டைப் அடித்து, தலைவரிடம் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதையே செய்கிறாள். சொந்தப் பெயர் அவள் கணவருக்காவது ஞாபகம் இருக்குமோ என்னவோ.

"எனக்கென்ன சார் தெரியும்? எழுதறதோட என் வேலை முடிஞ்சுது."

எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வரும் அந்தச் சிரிப்பு நாடகத்தால் வந்த வினை. 'வார்டு நம்பர் ஏழரை' என்று பெயர். ஒரு நகராட்சி ஆபீஸ்தான் கதை. அதில் ஒரு கவுன்சிலர் எதை எடுத்தாலும் "எல்லாருக்கும் சமம்" என்பார். இன்னொருவர் எதை எடுத்தாலும் "ஏலத்துல விடு" என்பார். போன வாரம் பூங்கா மரத்தைப் பற்றி விவாதம்.

"நிழல் பொதுச்சொத்து. ஆளுக்குப் பத்து நிமிஷம்னு டோக்கன் கொடுங்க" என்றார் முதலாமவர்.

"டோக்கனா? நிழலை ஏலம் விடுய்யா. போட்டின்னு ஒண்ணு வந்தா மரமே ரெண்டு கிளை சேர்த்து விடும்" என்றார் இரண்டாமவர்.

நாடகத்துத் தலைவர் இரண்டு பேரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "ரெண்டு பேர் சொல்றதும் நியாயம். நிழலுக்கு ஒரு குழு போடுவோம். குழு கூடற வரைக்கும் மரத்தைத் துணி போட்டு மூடி வைங்க" என்றார்.

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. காரணம், இந்த ஊர்ப் பூங்கா மரம் அப்போது துணியால் மூடித்தான் கிடந்தது.

வேடிக்கை என்னவென்றால், நிஜ கவுன்சிலர்கள் இருவருக்கும் இதில் துளியும் வருத்தமில்லை. இப்போதும் தலைவர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் சந்தோஷமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"உன்னை நல்லா வாரு வாருன்னு வாரிட்டான்யா" என்றார் ஊரில் தோழர் என்று அழைக்கப்படுபவர்.

"யோவ், டோக்கன் கொடுத்தது யாரு? மானம் போனது உனக்குத்தான்" என்றார் ஏலக்காரர்.

அடுத்தவனைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று இருவருக்கும் அப்படியொரு நிறைவு. தலைவருக்குத்தான் தூக்கம் போயிற்று. சவரக்கடையில் உட்கார்ந்தால், "கிருதாவை எடுக்கவா, குழு போடவா?" என்கிறார்களாம். வீட்டில் மனைவியே சாம்பாருக்கு உப்பு போதுமா என்று கேட்டுவிட்டு, "குழு கூடட்டும், இருங்க" என்று சிரித்தாளாம். மனுஷன் என்னதான் செய்வார்!

"காட்டிக் கொடுத்தது நீதான்" என்றார் அக்காவிடம். "நாளையில இருந்து உனக்குக் குப்பைக் கிடங்கு ஆபீஸ். ஆர்டரை நீயே டைப் அடிச்சுக் கொண்டா."

அக்காவின் வீடு சாலைக்கு எதிர்ப்புறம். மதியம் போய்ச் சூடாகச் சாப்பிட்டு, கணவரோடு கால் மணி நேரம் சண்டை போட்டுவிட்டுத் தெம்பாகத் திரும்புவாள். கிடங்கோ இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். மூக்கைப் பிடித்துக்கொண்டு யாரோடு சண்டை போடுவது?

போய் ஒரு தாளை டைப் அடித்துக் கொண்டுவந்தாள். தலைவர் அதற்குள் டிவி கம்பெனியின் நம்பரைப் பிடித்து, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியிருந்தார். நீட்டிய தாளில் எப்போதும்போலப் பார்க்காமலே ஒரு சுழி சுழித்துத் தள்ளினார். படிப்பதற்கெல்லாம் அவருக்கு ஏது நேரம்? வாசல் நோட்டீஸ் போர்டு ஆணியில் தினமும் குடையை மாட்டுகிறாரே, அதில் ஒட்டியிருப்பதையே இதுவரை ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

"கிடைச்சுட்டான்!" போனை ஸ்பீக்கரில் போட்டார். "எல்லாரும் கேளுங்க. ஹலோ, நகராட்சித் தலைவர் பேசறேன். எங்க ஆபீஸ் விஷயத்தை உங்களுக்கு எழுதித் தர்ற ஆள் யாருய்யா?"

"ஐயா, நீங்களா! உங்களைத்தான் கும்பிடணும்னு இருந்தோம்" என்றது எதிர்க்குரல். "எங்ககிட்ட எழுத்தாளர்னு ஒருத்தரும் கிடையாதுங்க. மாசாமாசம் உங்க வாசல் போர்டுல கூட்டக் குறிப்பு ஒட்டறீங்கல்ல? போட்டோ எடுத்துட்டு வந்து அப்படியே நடிக்கிறோம். ஒரு கமா மாத்தறதில்ல. கீழதான் 'படித்துப் பார்த்தேன், அனைத்தும் சரி'ன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே!"

போன் வைக்கப்பட்டது. தோழரும் ஏலக்காரரும் முதல்முறையாக ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "ஏம்மா... அந்த மாற்றல் ஆர்டரைக் கிழிச்சுப் போட்டுடு."

"மாற்றல் ஆர்டரா? நான் இன்னும் அதை டைப்பே அடிக்கலையே, சார்" என்றாள் அக்கா, தாளைப் பத்திரமாகக் கவரில் போட்டபடி. "அந்த நாடகத்தை நம்ம கூட்ட அரங்கத்துலயே வந்து எடுத்துக்க அனுமதி கேட்டு ஒரு மாசமா உங்க டிரேயில ஒரு லெட்டர் கிடந்துச்சே, அதுக்குத்தான் இப்ப சரின்னு கையெழுத்துப் போட்டீங்க!"